மதகுச் சாவி யார் கையில்? எங்கள் வாய்க்கால் குழுவுக்கு இடம் தேடிய கணக்கு

எங்கள் கொப்பு வாய்க்காலில், அதாவது கிளை வாய்க்காலில், தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க இப்போது யாரும் கரைக்கு நடப்பதில்லை. மதகடியில் தோட்டம் வைத்திருப்பவர் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கடைமடையில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுப்பார். எங்களுக்குத் தண்ணீர் வருவது பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்காலிலிருந்து. அதன் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 2,07,000 ஏக்கர். அதை இரண்டு பாதியாக்கி, ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகு என்று முறை மாற்றித் திறக்கிறார்கள். ஒரே மதகுக்குள்ளும் ஆளாளுக்கு நாள் கணக்கு, மணிக் கணக்கு உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு என் முறை என்றால், எனக்கு முந்தின ஆள் மடையைக் கட்டிவிட்டாரா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சேதிக்காகத் தொடங்கிய குழு, போகப் போக எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை. மஞ்சள் வேகவைக்கிற வண்டி எந்தத் தோட்டத்தில் நிற்கிறது. தேங்காய் போட ஆள் எப்போது வருவார். கன்றுக்குட்டிக்குக் கழிச்சல், என்ன கொடுக்கலாம். பெருந்துறைப் பக்கத்து நாலைந்து ஊர்க்காரர்கள் காசு செலவில்லாமல் கூடிப் பேச அது ஒரு இடமாக இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு என்ன பாத்தியதை என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விவகாரம் எழுந்தபோதுதான் யோசிக்க வேண்டி வந்தது. கடைமடைக்காரர்களில் பலர், கசிவு நின்றால்தான் தண்ணீர் தங்கள் வரைக்கும் வரும், போட வேண்டும் என்றார்கள். கசிவுநீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவர்கள் போடவே கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, கோபமும் இருந்தது. குழுவைத் தொடங்கியவர் ஒரு பக்கம் சாய்ந்தார். எதிர்ப்பக்கம் பேசிய ஒன்பது பேரை முதலில் நீக்கினார். அப்புறம் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று பூட்டினார். பூட்டு மூன்று வாரம் கிடந்தது. அதற்குள் இரண்டு தோட்டங்களுக்கு முறைத் தண்ணீர் தவறியது.

நீக்கப்பட்டவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். குழுவில் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவார். ஒரு மழையையும் விட்டதில்லை. “ஏழு வருசமா எழுதியிருக்கறேன் கண்ணு, என்ர எழுத்தெல்லாம் இப்ப யாருது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தொடங்கியவரிடம் போய்க் கேட்டதற்கு, “நான் ஆரம்பிச்ச குரூப்புங்க. யாருகிட்டயும் காசு வாங்கல. புடிக்கலைன்னா நீங்க ஒண்ணு ஆரம்பிச்சுக்கங்க” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இலவசமாக நடக்கும் எல்லா இணையக் குழுக்களிலும், ஊர்ப்பக்கத்து வாட்ஸ்அப்பிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் கூடும் தளங்கள் வரை, கடைசிப் பேச்சு இதுதான்: நீ காசு கொடுக்கவில்லை, உனக்குச் சொல் கிடையாது, வேண்டாமென்றால் போ. ஆனால் சித்தப்பாவின் ஏழு வருச மழைக் கணக்கு காசில்லையா? தண்ணீர்ப் படம் போடுகிறவரின் ராத்திரித் தூக்கம் காசில்லையா? உறுப்பினர்கள் எழுதுவதை எடுத்துவிட்டால் அந்தக் குழுவில் என்ன மிஞ்சும்?

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடியபோது, குழுவை எங்கே மாற்றலாம் என்று பார்த்துச் சொல்ல ஐந்து பேரைப் போட்டார்கள். அதில் நானும் ஒருவன். கடந்த சில மாதங்களாகப் பார்த்ததையும் படித்ததையும் வைத்து என் கணக்கை இங்கே எழுதுகிறேன். மற்ற வாய்க்கால்காரர்களுக்கும், பால் சங்கம், தறிக்காரர்கள், தென்னை விவசாயிகள் என்று குழு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

எந்த இடத்தையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன். விதியை மாற்றுகிறவர் யார், அவரை மாற்ற நம்மால் முடியுமா? ஒருவரை வெளியே அனுப்பினால் அவர் முறையிட ஒரு இடம் இருக்கிறதா? நாமே கிளம்ப முடிவு செய்தால் எதை மூட்டை கட்டிக்கொண்டு போகலாம்? மூன்றாவது கேள்வியைத்தான் ஆரம்பத்தில் சாதாரணமாக நினைத்தேன். கடைசியில் அதுவே பெரிய கேள்வியாக நின்றது.

முதலில், இருக்கிற வாட்ஸ்அப்பிலேயே இருந்துகொண்டு சட்டதிட்டம் போட்டுக்கொள்வது. ஐந்து பேரில் இரண்டு பேருக்கு இதுதான் விருப்பம். எல்லோர் போனிலும் இருக்கிறது, எழுதத் தெரியாதவர்கள் குரலில் பேசி அனுப்பலாம், புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் வயதானவர்களுக்கு இந்தக் குரல் செய்திதான் குழு. இதை லேசாக எடுத்துக்கொண்டு யோசனை சொல்கிறவர்கள் தோட்டத்துப் பக்கம் வந்து பார்க்காதவர்கள்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு முதலாளிகள். கீழே அட்மின், மேலே கம்பெனி. கீழே உள்ள முதலாளியை நாம் ஓரளவுக்குக் கட்டலாம்: அட்மின் ஐந்து பேர், நீக்குவதற்கு மூன்று பேர் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாம். அந்த எழுத்துக்கு வாட்ஸ்அப்புக்குள் எந்தப் பலமும் இல்லை. அட்மின் யாரானாலும் தனி ஆளாக யாரையும் நீக்க முடியும். ஆனால் குழுவைத் தொடங்கியவரை மட்டும் வேறு எந்த அட்மினாலும் நீக்க முடியாது. அவராக வெளியேறும் வரை அவர் அட்மின்தான். எங்கள் சண்டையில் இதுதான் முட்டியது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலில் சொன்னாலும் அவர் கையிலிருந்து சாவியை வாங்க வழியே இல்லை.

சட்டமும் அட்மினை ஒரு பெரிய பொறுப்பாளியாக நினைப்பதில்லை. கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த பதிவு வழக்காகி, அட்மின் பெயரும் அதில் சேர்ந்தது. அவர் அட்மினாக மட்டும் இருந்தார், வேறொன்றும் செய்யவில்லை என்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அது சரியான தீர்ப்புதான், இல்லாவிட்டால் பயந்துகொண்டு யாரும் குழுவே நடத்த மாட்டார்கள். அதே நேரத்தில் அட்மின் பதவி என்பது கம்பெனி கொடுத்த ஒரு பொத்தான் என்பதும் அதில் தெரிகிறது. ஊர் கொடுத்த பொறுப்பு அல்ல அது.

மேல் முதலாளியிடம் நமக்கு உள்ள சொல் இன்னும் குறைவு. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள்ளச் சொன்னது. ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பி, கூட்டம் கூட்டமாக டெலிகிராம், சிக்னல் என்ற வேறு செயலிகளுக்குப் போகத் தொடங்கியதும் மே 15 வரை தள்ளிப்போட்டது. அப்புறம் ஒப்புக்கொள்ளாதவர்களின் கணக்கை முடக்கப் போவதில்லை என்றது. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதே கொள்கைக்காக, வாட்ஸ்அப், பேஸ்புக் இரண்டுக்கும் சொந்தக்காரக் கம்பெனியான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அது மேல்முறையீட்டுக்குப் போனது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனியை அசைத்தது வாக்கெடுப்பு அல்ல. ஜனங்கள் கிளம்பத் தயாரானதும், ஒரு அரசு அமைப்பு தலையிட்டதும்தான் அசைத்தது.

அரசு வழி இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு தளம் நம் கணக்கை முடக்கினால் அதன் குறைதீர் அலுவலரிடம் எழுத வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-இல் இப்படி மூன்று குழுக்கள் வந்தன. கம்பெனி நம்மைத் தூக்கினால் இது உதவும். அட்மின் தூக்கினால் உதவாது.

அடுத்தது பேஸ்புக் குழு. எங்களில் இளையவர் ஒருவர் இதற்காக வாதாடினார். பழைய பதிவுகளைத் தேடலாம், புதிதாக வருபவர் முந்தினதையும் படிக்கலாம், படங்கள் நிற்கும் என்றார். உண்மைதான். ஆனால் உறுப்பினர் சொல் என்று வரும்போது, உலகத்திலேயே மிகப் பெரிய பாடம் பேஸ்புக்கில்தான் நடந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பக்கம் மனசு போகவில்லை.

2009 பிப்ரவரியில் பேஸ்புக் தன் விதிகளை மாற்றியதும், நாங்கள் போட்ட படமும் எழுத்தும் யாருடையது என்று கேட்டு உறுப்பினர்கள் எழுந்தார்கள். சித்தப்பா கேட்ட அதே கேள்வி. கம்பெனி பின்வாங்கி, இனி விதி மாற்றத்துக்கு நீங்களே ஓட்டுப் போடலாம் என்றது. ஒரு மாற்றத்துக்கு 7,000 பேருக்கு மேல் கருத்துச் சொன்னால் வாக்கெடுப்பு. ஆனால் மொத்த உறுப்பினர்களில் 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டால்தான் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், இல்லாவிட்டால் வெறும் யோசனை. 2012 டிசம்பரில் இந்த ஓட்டு முறையையே எடுத்துவிடலாமா என்று கடைசி வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 6,68,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் எடுக்கக் கூடாது என்றார்கள். அப்போது உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியிருந்தது. 30 சதவீதம் என்றால் 30 கோடி ஓட்டு வேண்டும். கிடைக்கவில்லை. ஓட்டு முறை எடுக்கப்பட்டது.

நம்மூர்ப் பால் சங்கத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எட்டவே முடியாத ஓட்டு எண்ணிக்கையை வைத்துவிட்டு, வந்தவர் போதவில்லை என்று தேர்தலையே எடுத்துவிடுவது போலத்தான் அது. ஓட்டுப் பெட்டி இருப்பதாலேயே சொல் இருக்கிறது என்று ஆகாது. பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது மெட்டாவுக்கு மேற்பார்வை வாரியம் ஒன்று இருக்கிறது, 2020-லிருந்து வேலை செய்கிறது. ஒரு பதிவை நீக்கியது தவறென்று அது சொன்னால் கம்பெனி திருப்பிப் போட வேண்டும். விதியை மாற்று என்று அது சொன்னால் அது யோசனை மட்டுமே. அந்த வாரியத்தில் உட்காருகிறவர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. மூட்டை கட்டும் கேள்விக்கும் பேஸ்புக் குழுவில் நல்ல பதில் இல்லை. என் பதிவுகளை நான் இறக்கிக்கொள்ளலாம். ஊரே சேர்ந்து எழுதிய குழுவை முழுசாக எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் இறக்கிவைக்க முடியாது.

டெலிகிராமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு லட்சம் பேர் வரை ஒரே குழுவில் இருக்கலாம், வாட்ஸ்அப்பில் 1,024 தான். புதியவர்களுக்குப் பழைய செய்தி தெரியும்படி வைக்கலாம், குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தரலாம். நல்ல வசதிகள். சொல் என்று பார்த்தால் இதுவும் ஒரு கம்பெனியின் தோட்டம்தான். எங்கள் பெண்களில் பலர் அதைப் போனில் ஏற்றவே விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அப்படியென்றால் எல்லோரும் ஒன்றாக எதிர்த்து நின்றால்? இதையும் பார்த்தாகிவிட்டது. 2023 ஜூன் 12 அன்று, தலைப்பு வாரியாகக் குழுக்கள் கூடிப் பேசும் ரெடிட் என்ற தளத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. சம்பளம் வாங்காமல் அந்தக் குழுக்களைப் பல வருசம் காத்துவந்தவர்கள்தான் சாத்தினார்கள். வெளியார் செய்த செயலிகள் தளத்தைப் பயன்படுத்தக் கம்பெனி பெரிய கட்டணம் கேட்டதுதான் காரணம். கம்பெனி அசையவில்லை. திறக்காவிட்டால் உங்களை மாற்றி வேறு ஆட்களை வைப்போம் என்றது. பெரும்பாலானவர்கள் திறந்தார்கள். பலர் விரும்பிப் பயன்படுத்திய அப்பல்லோ செயலி அந்த ஜூன் 30-இல் மூடப்பட்டது. அடுத்த வருசம் மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்குப் போனது. வேலை நிறுத்தம் செய்தவன் தோட்டத்தை விட்டு வெளியே போனால், மரமும் காயும் முதலாளியிடமே நிற்கின்றன. காய்த்த மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

ஆனால் ஒரு முறை பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2002 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எழுதிய கட்டுரைகளை எல்லாம் நகலெடுத்துக்கொண்டு, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். விக்கிப்பீடியாவின் உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அதற்கப்புறம் இன்றுவரை விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரவில்லை. அடுத்த வருசமே அதை லாப நோக்கமில்லாத அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அதன் நிர்வாகக் குழுவில் சில இடங்களுக்கு எழுதுகிறவர்களே ஓட்டுப் போடுகிறார்கள். 2003-இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியாவிலும் நிர்வாகியாக வேண்டும் என்றால் சக எழுத்தாளர்களின் ஆதரவு வேண்டும்.

போக முடியும் என்று இருந்ததால் இருந்தவர்களின் பேச்சுக்கு மதிப்பு வந்தது. நான் மேலே சொன்ன மூன்றாவது கேள்வி எப்படிப் பெரிதானது என்றால் இப்படித்தான்.

மூட்டை கட்ட முடியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30-இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-இல். யாஹூ குழுமங்களில் தமிழில் எத்தனை ஆயிரம் கடிதங்கள் எழுதினோம். 2019 கடைசியில் பழையதை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15-இல் முழுக்க மூடினார்கள். எழுதியவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

சரி, சொந்தமாக ஒரு இடம் வைத்துக்கொண்டால்? இதைத்தான் நான் அதிக நாள் பார்த்தேன். டிஸ்கோர்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மூலநிரலும் திறந்தது, அதாவது யாரும் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதை நிறுவ ஒரு சிறிய வாடகை சர்வர் போதும். எங்கள் அளவுக்கு மாதம் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடியும். தலைப்பு வாரியாகப் பேசலாம், தேடலாம், வாக்கெடுப்பு வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் காப்பெடுத்து வேறு சர்வரில் அப்படியே இறக்கலாம். மூட்டை கட்டும் கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண்.

குறையும் உண்டு. தட்டச்சு செய்யத் தெரிய வேண்டும், ஈமெயில் வேண்டும், கடவுச்சொல் ஞாபகம் இருக்க வேண்டும். நடு ராத்திரியில் மடையடியில் நிற்கிற ஆள் இதைத் திறந்து பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் எங்களில் ஒரே ஒருவர், கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவருக்குக் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டால்? கம்பெனி முதலாளியை விட்டு ஓடிவந்து, கடவுச்சொல் வைத்திருக்கும் ஒருவரிடம் மாட்டிக்கொள்வதாக ஆகும். அந்தத் தம்பி தங்கமான பையன். எங்கள் அட்மினும் ஏழு வருசம் தங்கமானவராகத்தான் இருந்தார்.

இதற்கும் பழைய உதாரணம் ஒன்று கிடைத்தது. 1990-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தின் கணினியில், லாம்ப்டாமூ என்ற எழுத்தாலேயே ஆன ஓர் இணைய ஊர் உருவானது. 1992 டிசம்பரில் அதை நடத்தியவர்கள், இனி ஊர்ச் சண்டையில் தலையிட மாட்டோம், இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்புறம் மனுப்போடும் முறையும் வாக்குச்சீட்டும் கூட வந்தன. 1996-இல், இது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்களால் அது முடிந்தது, ஏனென்றால் இயந்திரம் அவர்களிடமே இருந்தது. மதகுச் சாவியை லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால்காரர்களைத் தீர்மானம் போடச் சொன்னால், அந்தத் தீர்மானம் லஸ்கர் மனசு வைக்கும் வரைக்கும்தான் நிற்கும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. தி வெல் என்ற பழைய இணையச் சமூகம் 1985-இல் தொடங்கியது. கைமாறிக் கைமாறி ஒரு கம்பெனியிடம் இருந்ததை, 2012-இல் அதன் உறுப்பினர்களில் சிலரே சேர்ந்து 4 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் மாதச் சந்தா கட்டிப் பழகியவர்கள்.

அப்போது சொல் வேண்டுமென்றால் காசு கட்டியே ஆக வேண்டுமா? இல்லை. டெபியன் என்ற மென்பொருள் திட்டத்தில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள், காசு கட்டுவதும் இல்லை. 1998-லிருந்து அவர்களுக்கு எழுதிவைத்த அரசியலமைப்பு இருக்கிறது. வருசா வருசம் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தலைவர் எடுத்த முடிவைப் பொது வாக்கெடுப்பில் மாற்ற முடியும். அங்கே ஓட்டுக்குத் தகுதி உழைப்பு. ஆகவே இலவசம் என்பதால் சொல் இல்லை என்று எங்கள் அட்மின் சொன்னது முழு உண்மை அல்ல. எழுதிவைத்த விதியும், சாவியைப் பகிர்ந்து வைக்கும் ஏற்பாடும் இருந்தால் இலவச இடத்திலும் சொல் இருக்கும். விதி இல்லாத இடத்தில் காசு கட்டினாலும் வாடிக்கையாளர்தான், உறுப்பினர் அல்ல.

இந்த இடத்தில் நம் ஊரிலேயே பழக்கமான ஒன்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கு எடுத்தவருக்கு ஒரு ஓட்டு. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஒரே எருமை வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. விவசாயிகள் நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியிலும், 2002-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பங்கு எத்தனை இருந்தாலும் தனி நபருக்கு ஓட்டு ஒன்றுதான். கூட்டுறவில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேர்தல் தள்ளிப் போவதையும், தனி அலுவலரை வைத்துச் சங்கத்தை ஓட்டுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே ஏமாற்றப்பட்டால் நான் கேட்கப் போக ஒரு அலுவலகம் இருக்கிறது, காட்ட ஒரு சட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் என் சித்தப்பாவுக்கு அதுகூட இல்லை.

எங்களுக்குக் கூட்டுறவோ கம்பெனியோ தேவையில்லை, அதன் கணக்கு வழக்கு எங்களால் தாங்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். துணை விதி எழுத வேண்டும், வருசத்துக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சங்கம்தான் குழுவுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை எழுதும்போது காலிங்கராயன் ஞாபகம் வருகிறது. பவானியில் அணை கட்டி, 1283-இல் வாய்க்கால் வெட்டி முடித்தவர். தன் ஆதாயத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தன் வம்சத்தார் யாரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாக நம் பக்கத்தில் சொல்வார்கள். எல்லோரிடமும் அவ்வளவு பெரிய மனசை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. தொடங்கியவர் பெரிய மனிதராக இருந்தால்தான் குழு நடக்கும் என்றால், அடுத்த சண்டை வரைக்கும்தான் அது நடக்கும்.

ஆகவே ஐவர் குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இது. அன்றாடச் சேதிக்கு வாட்ஸ்அப்பே இருக்கட்டும். தண்ணீர் வந்ததா, வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கெல்லாம் அதைவிடச் சுலபமான இடம் இல்லை. ஆனால் புதிய குழுவைத் தனி மனிதர் யாரும் தொடங்கக் கூடாது. சங்கத்தின் பேரில் ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கியவரை நீக்க முடியாது என்ற வாட்ஸ்அப் விதி இதுவரை எங்களைக் கட்டிப்போட்டது. சங்கமே தொடங்கினால் அதே விதி எங்களுக்குக் காவலாகிவிடும். அந்தப் போன் பொருளாளரிடம் இருக்கும், பொருளாளர் மாறினால் போனும் மாறும்.

காக்க வேண்டியதையெல்லாம் சொந்த சர்வரில் வைப்போம்: முறைத் தண்ணீர்ப் பட்டியல், மழைக் கணக்கு, ஏல விலைப் பதிவு, கூட்டத் தீர்மானங்கள். கடவுச்சொல் மூன்று வீட்டில் இருக்க வேண்டும், மூன்றும் வெவ்வேறு ஊர். மாதா மாதம் காப்பெடுத்து ஒன்றைத் தம்பியும் ஒன்றைப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துக் கணினி மையக்காரரும் வைத்துக்கொள்வார்கள். செலவுக்கு ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், வருசத்துக்கு 120. முந்நூறு பேர் கட்டினாலே சர்வர் வாடகை போக மிச்சம் இருக்கும். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் மூன்று நிர்வாகிகள் கையெழுத்து, காரணம் எழுத்தில், அடுத்த கூட்டத்தில் அவர் நேரில் வந்து பேச இடம்.

ஐந்து பேரில் மூன்று பேர் இதற்குச் சம்மதம். ஒருவர் பதிவு, கணக்கு எல்லாம் நமக்கு எதற்கு, வாட்ஸ்அப்பில் அட்மினை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் காசு வாங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்கிறார். இரண்டாவது கவலை எனக்கும் உண்டு. அதனால் படிப்பதற்குக் காசு வேண்டாம், ஓட்டுக்கு மட்டும் சந்தா என்று வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் முடியாமல் நிற்பது ஓட்டு யாருக்கு என்பதுதான். துணை விதியின் முதல் வரைவில் தோட்டத்துக்கு ஒரு ஓட்டு என்று எழுதியிருந்தோம். சித்தி அதைப் படித்துவிட்டு, “மஞ்சள் வேக வெக்கற நாளும் ஆள் கூலியும் குரூப்புல எழுதறது யாரு? நாங்கதான். உங்க சித்தப்பா போன்ல இருந்து எழுதறோம். அப்ப எங்களுக்கு ஓட்டு?” என்று கேட்டார். குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தால் ராத்திரியில் தண்ணீர் கட்டுகிற பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டி வரும். இப்போது அந்த வரியை அடித்துவிட்டு, இந்த வாய்க்கால் தண்ணீரில் பண்ணையம் பார்க்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு என்று எழுதியிருக்கிறோம்.

வரைவை வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு அதே மண்டபத்தில் படிக்கப் போகிறோம். சித்தப்பா மழைக் கணக்கு எழுதிய மூன்று நோட்டுகளைக் கொண்டு வருகிறார். குழுவில் போடுவதற்கு முன்னால் அதில் எழுதிவைப்பது அவர் வழக்கம், அதனால் கணக்கு தப்பித்தது. குழுவைத் தொடங்கியவரையும் நேரில் போய்க் கூப்பிட்டோம். வருகிறேன் என்றிருக்கிறார்.